மேஷ் டெம்பரேச்சர் கண்ட்ரோல்: கூலர்ல ஆரம்பிச்சு ரிம்ஸ் ட்யூப் வரைக்கும்

வீட்டுல பீர் காய்ச்சறதை எழுதி வைக்கிற என் ப்ரூ நோட்டுல ரெண்டு பக்கம் இருக்கு, ஒண்ணு அக்டோபர்ல போட்ட பேட்ச், இன்னொண்ணு ஜனவரியில போட்டது. ரெண்டுலயும் அதே 5 கிலோ பேல் மால்ட் (முளைகட்டி காய வெச்ச பார்லி), அதே ஹாப்ஸ் (கசப்பு தர்ற பூ), அதே ட்ரை ஈஸ்ட், ரெண்டுலயும் மேஷ் டெம்பரேச்சர், அதாவது அரைச்ச மால்ட்டை சுடுதண்ணியில ஊறப் போடுற சூடு, 67 டிகிரி செல்சியஸ்னு என் கையால எழுதி இருக்கு. நொதிச்சு முடிஞ்சப்ப அக்டோபர் பீரோட அடர்த்தி 1.016-ல நின்னுச்சு (வெறும் தண்ணி 1.000, ஜாஸ்தியா இருந்தா சர்க்கரை மிச்சம் இருக்குன்னு அர்த்தம்), கொழகொழன்னு வாயில ஒட்டுற மாதிரி இனிப்பு. ஜனவரி பீர் 1.010 வரைக்கும் இறங்கி தண்ணி மாதிரி ட்ரையா வந்துச்சு. ரெண்டு தடவையும் 67-னா இப்படி வரவே கூடாது, அப்ப நான் எழுதின 67-ல ஒண்ணாவது பொய், அப்புறமா பார்த்தா ரெண்டுமே பொய். அந்த 67-ஐ நிஜமா பிடிச்சு வைக்கிறதுக்கு ஒரு வருஷமா என்னென்ன பண்ணேன், எதை வாங்கலாம்னு எப்படி முடிவு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு முழுசா எழுதி வைக்கிறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நான் இருக்கிறது மினியாபொலிஸ் பக்கம். அமெரிக்காவுல 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டத்துக்கு அப்புறம் வீட்டு உபயோகத்துக்கு பீர் காய்ச்சறது ஃபெடரல் லெவல்ல ஓகே, ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும், விக்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கு, அங்க வீட்டுல இதைப் பண்ண முடியாது, அதனால ஊர்ல இருந்து படிக்கிறவங்க இதை வெறும் ஹீட்டர், பம்ப், கண்ட்ரோலர் கதையா படிங்க.

டெம்பரேச்சர் ஏன் இவ்வளவு முக்கியம்னா, முளைகட்டின கேழ்வரகு மாவுல கஞ்சி காய்ச்சி இருப்பீங்க, கெட்டியா வரும்னு பார்த்தா கொஞ்ச நேரத்துல நீர்த்துப்போய் லேசா இனிக்க ஆரம்பிச்சிடும் இல்லையா, அதே அமைலேஸ் வேலைதான் இங்கயும். முளைகட்டின பார்லியில ரெண்டு என்சைம் முக்கியம். பீட்டா அமைலேஸ் 60-ல இருந்து 65 டிகிரியில நல்லா ஓடும், ஈஸ்ட் திங்கக்கூடிய மால்டோஸா வெட்டிக் கொடுக்கும், 70-ஐ தாண்டினா சீக்கிரமா செத்துடும். ஆல்ஃபா அமைலேஸ் 70 பக்கத்துல குஷியா இருக்கும், மாவுச்சத்தை கண்ட இடத்துல வெட்டும், அதுல ஈஸ்ட்டால திங்க முடியாத பெரிய துண்டுகளும் நிறைய மிச்சமாகும். 65-ல வெச்சா ட்ரை பீர், 69-ல வெச்சா கனமான பீர், நடுவுல இருக்கிறது வெறும் நாலு டிகிரி. என் வீட்டு மாடி ரூமுக்கும் கீழ் ரூமுக்கும் குளிர்காலத்துல இதை விட ஜாஸ்தி வித்தியாசம் இருக்கும்.

அப்ப என்கிட்ட இருந்தது 10 கேலன் ட்ரிங்க் கூலர் (சூடு வெளிய போகாத ட்ரம்), அடியில ஃபால்ஸ் பாட்டம் (தானியத்தைத் தாங்குற ஓட்டைத் தட்டு), வடிக்கிறதுக்கு ஒரு வால்வ். இதை யாரும் கேவலமா நினைக்காதீங்க, மூடி வெச்சா ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிதான் இறங்கும். கண்ட்ரோல்னு எதுவும் கிடையாது, ஊத்துற தண்ணியோட சூட்டை சரியா கணக்கு பண்ணா போதும். அந்தக் கணக்கு சிம்பிள்: ஒரு கிலோ மால்ட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணியோ அதால 0.41-ஐ வகுத்து, வேணுங்கிற சூட்டுக்கும் தானியத்தோட சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்கி, வேணுங்கிற சூட்டோட கூட்டணும். 5 கிலோ மால்ட், 15 லிட்டர் தண்ணி, தானியம் 20 டிகிரி, வேணுங்கிறது 67-னா தண்ணி 73.4.

ஜனவரியில நான் அதே 73.4-ஐ ஊத்தினேன். ஆனா மால்ட் மூட்டை ராத்திரி பூரா கேரேஜ்ல கிடந்து 4 டிகிரியில இருந்துச்சு. அந்த கணக்கை திருப்பி போட்டா மேஷ் 65-க்கு வந்து நிக்கணும், நின்னுருக்கு. சரி, தெர்மாமீட்டர் 67 காட்டுச்சே எப்படின்னா, நான் சரியா கலக்காம நடுவுல குத்திப் பார்த்திருக்கேன், அங்க சூடான தண்ணி ஒரு பாக்கெட் மாதிரி நின்னுருக்கு. இதை எப்படி கண்டுபிடிச்சேன்னா அடுத்த பேட்ச்ல மேல, நடு, அடின்னு மூணு ஆழத்துல, ஒவ்வொண்ணுலயும் மூணு இடத்துல மொத்தம் ஒன்பது ரீடிங் எடுத்தேன். நடுவுல 67, சுவரோரம் 64, அடியில 65.5. மூணு நிமிஷம் நல்லா அடி வரைக்கும் போட்டு கிண்டினதுக்கு அப்புறம் தான் எல்லாம் ஒரு டிகிரிக்குள்ள வந்துச்சு. அக்டோபர் கதை வேற, அப்ப வெச்சிருந்த பழைய முள் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணியில விட்டுப் பார்த்தா மைனஸ் 2 காட்டுது, அதாவது நான் 67-னு நம்பினது நிஜத்துல 69.

இந்த ரெண்டையும் கண்டுபிடிச்சப்பவே பிரச்சனை பாதி தீர்ந்துடுச்சு, கூலரோடயே நின்னுருக்கலாம். ஆனா எனக்கு ரெண்டு ஆசை இருந்துச்சு. ஒண்ணு கடைசியில 76-க்கு ஏத்தி மேஷ் அவுட் பண்ணணும், அதாவது என்சைம் வேலையை நிறுத்தணும், ரெண்டாவது ஜெர்மன் கோதுமை பீர் போடணும், அதுக்கு 44 டிகிரியில ஒரு ரெஸ்ட் கொடுத்தா தான் ஃபெருலிக் ஆசிட் வெளிய வரும், அந்த ஈஸ்ட் அதை லவங்க வாசனையா மாத்தும். கூலர்ல சூடு ஏத்தணும்னா கொதிக்கிற தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்கணும், 44-ல இருந்து 65, அப்புறம் 76-க்கு போறதுக்குள்ள கூலர் நிறைஞ்சிடும்.

இங்க எனக்கு தெரிஞ்ச ஒரு அண்ணன் இருக்கார், மதுரைக்காரர், பத்து வருஷமா காய்ச்சறார், அவர்கிட்ட ஹெர்ம்ஸ் இருக்கு. ஹெர்ம்ஸ்னா, ஒரு பெரிய பாத்திரத்துல சுடுதண்ணி, அதுக்குள்ள 15 மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காயில், மேஷ்ல இருந்து வர்ற வோர்ட்டை (இனிப்புத் தண்ணியை) பம்ப் அந்த காயில் வழியா ஓட்டி திரும்ப மேல கொண்டு வந்து விடும். வோர்ட் நேரா ஹீட்டர்ல படாது, சுத்தி இருக்கிற தண்ணியோட சூட்டைத் தாண்டவும் முடியாது, அதனால அடிப்பிடிக்கிற பேச்சே இல்ல. பார்த்த உடனே இதுதான் வேணும்னு தோணிச்சு.

அவர்தான் நிறுத்தினார். "தம்பி, உன் கேரேஜ்ல 240 லைன் இருக்கா?" "இல்லண்ணே, சாதா 120 தான், 15 ஆம்ப் பிரேக்கர்." "அப்ப முதல்ல உக்கார்ந்து கணக்கு போடு, அப்புறம் காயில் வாங்கு."

கணக்கு போட்டேன். 120 வோல்ட்ல 15 ஆம்ப் சர்க்யூட்ல தொடர்ந்து ஓட்டணும்னா 12 ஆம்புக்குள்ள இருக்கணும், அதாவது 1440 வாட் தான் நம்ம பட்ஜெட். 15 லிட்டர் தண்ணியும் 5 கிலோ மால்ட்டும் சேர்ந்தா சூட்டுக் கணக்குல ஏறக்குறைய 17 லிட்டர் தண்ணிக்கு சமம். நான் வாங்கலாம்னு நினைச்ச எலிமெண்ட் (ஹீட்டர் கம்பி) 1375 வாட், அதை வெச்சு மேஷை மட்டும் சூடு பண்ணா, அதாவது வோர்ட் நேரா ஹீட்டர் மேல ஓடுற ரிம்ஸ் முறையில, ஒரு டிகிரிக்கு 52 செகண்ட். ஹெர்ம்ஸ்ல அந்த 40 லிட்டர் சுடுதண்ணியையும் சேர்த்து ஏத்தணும், மொத்தம் 57 லிட்டர், ஒரு டிகிரிக்கு மூணு நிமிஷம். 67-ல இருந்து 76-க்கு போக ரிம்ஸ்ல எட்டு நிமிஷம், ஹெர்ம்ஸ்ல 26 நிமிஷம், இதுவும் சூடு எங்கயும் வீணாகாம இருந்தா தான். அண்ணன் கிட்ட 5500 வாட் இருக்கு, அவருக்கு இது ஒரு பொருட்டே இல்ல. எனக்கு 44-ல இருந்து 65-க்கு ஏத்தவே ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள என்சைம் தன் இஷ்டத்துக்கு வேலையை ஓட்டிடும். சின்ன பாத்திரத்துல 10 லிட்டர் தண்ணி மட்டும் வெச்சு காயில் போடலாம், அதையும் யோசிச்சேன், ஆனா காயில் முழுசா முங்கணும்.

எல்லாம் ஒண்ணா இருக்கிற எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கலாமான்னும் பார்த்தேன். நல்ல சாமான் தான், இடம் கம்மியா பிடிக்கும், ஆனா 120 வோல்ட் மாடல்ல 28 லிட்டரை 67-ல இருந்து கொதிக்க வைக்கவே முக்கால் மணி நேரம் ஆகும், என்கிட்ட ஏற்கனவே புரோப்பேன் பர்னர் இருக்கு. பர்னரையே மேஷுக்கு அடியில எரிச்சு ஏத்துறது கூலரோட முடியாது, தனி பாத்திரம் வேணும், அப்படியே பண்ணாலும் அடியில சூடு தேங்கி நாலு டிகிரி தாண்டிப் போறதை ஒரு நண்பர் வீட்டுல கண்ணால பார்த்திருக்கேன். அதனால ரிம்ஸ்.

ரிம்ஸ்னா ஒரு ஸ்டீல் குழாய், உள்ள எலிமெண்ட், வோர்ட் நேரா அது மேல ஓடிப் போகும். பயம் என்னன்னா வோர்ட்ல சர்க்கரை இருக்கு, எலிமெண்ட் ரொம்ப சூடா இருந்தா கருகும். இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு: 240 வோல்ட்டுக்கு செஞ்ச 5500 வாட் லோ டென்சிட்டி எலிமெண்ட்டை 120-ல ஓட்டுறது. வோல்ட்டேஜ் பாதியானா பவர் கால் பங்காகிடும், 5500 போய் 1375 ஆகும், ஆனா எலிமெண்ட்டோட பரப்பு அதே தான் இருக்கும், ஒவ்வொரு சதுர இஞ்சுலயும் விழற சூடு கால்வாசி. வந்த உடனே மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தேன், 10.5 ஓம். 240-ஐ 240-ஆல பெருக்கி 5500-ஆல வகுத்தா 10.47 வரும், சரியான சாமான் தான். 120-ல 11.5 ஆம்ப் இழுக்கும், 12-க்குள்ள நிக்குது, பம்பை மட்டும் வேற சர்க்யூட்ல போட்டுட்டேன்.

கண்ட்ரோல் பாக்ஸ்ல ஒரு பிஐடி (ப்ரோப் காட்டுற சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஓட்டுற கண்ட்ரோலர்), ஒரு 40 ஆம்ப் எஸ்எஸ்ஆர் (அது சொல்றபடி கரெண்ட்டை ஆன் ஆஃப் பண்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச்), கை அகலத்துக்கு ஒரு ஹீட் சிங்க். எஸ்எஸ்ஆர்ல ஓடுற ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு வாட்டுக்கு மேல சூடா கழியும், ஹீட் சிங்க் இல்லாம பிளாஸ்டிக் பாக்ஸ்ல அடைக்காதீங்க. இன்னொரு விஷயம், எஸ்எஸ்ஆர் செத்தா பெரும்பாலும் ஆஃப் ஆகி சாகாது, ஆன்லயே ஒட்டிக்கிட்டு தான் சாகும். பிஐடி ஆஃப்னு சொல்லும், எலிமெண்ட் பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். அதனால எலிமெண்ட் லைன்ல கையால திருப்புற ஒரு சுவிட்ச் கட்டாயம் வேணும். ஜிஎஃப்சிஐ (கரெண்ட் லீக் ஆனா உடனே கட் பண்ற சாமான்) இல்லாம இதைத் தொடவே தொடாதீங்க, ட்யூபை எர்த் பண்ணுங்க. நான் வயரிங் முடிச்சுட்டு லைசென்ஸ் இருக்கிற ஒரு எலெக்ட்ரிஷியனை கூப்பிட்டு காட்டின பிறகு தான் முதல் தடவை ஆன் பண்ணேன்.

சூடு அளக்கிற ப்ரோப் பிடி 100, சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும். ஐஸ் தண்ணியில 0.9 காட்டுச்சு. ப்ரோப் மேல சந்தேகப்பட்டு ரெண்டு நாள் போச்சு, கடைசியில பார்த்தா நான் நீளம் பத்தலைன்னு ரெண்டு கம்பி ஒயர் போட்டு இழுத்திருக்கேன், அந்த ஒயரோட ரெசிஸ்டன்ஸ் 0.35 ஓம். பிடி 100-ல ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் தான், அப்ப அந்த 0.9 அப்படியே ஒயர்ல இருந்து வருது. மூணு கம்பி ஒயரா மாத்தினதும் 0.0. கொதிக்கிற தண்ணியில 99.1, எங்க ஊர் கடல் மட்டத்துல இருந்து 250 மீட்டர் உயரம், அதனால அதுவும் சரி.

இனிமே தான் நான் பண்ண பெரிய தப்பு. ப்ரோபை எங்க வைக்கிறதுன்னு யோசிச்சப்ப, எனக்கு மேஷ் தானே 67-ல இருக்கணும், அப்ப மேஷ்லயே வைப்போம்னு கூலர் சுவர்ல ஓட்டை போட்டு வெச்சேன். பம்பை ஆன் பண்ணேன், தானியம் இறுகிடக் கூடாதுன்னு அவுட்லெட் வால்வை நல்லா குறைச்சு வெச்சேன், நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் போச்சு. பாக்ஸ்ல 65, 65.3, 65.8-னு மெதுவா ஏறுது, பார்க்கவே திருப்தியா இருந்துச்சு. அந்த பேட்ச் 1.021-ல நின்னுச்சு. என் வாழ்க்கையில அவ்வளவு இனிப்பா ஒரு பேல் ஏல் நான் குடிச்சதில்ல, பாதிக்கு மேல கீழ ஊத்த வேண்டியதாப் போச்சு.

அண்ணனுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் சொன்னது: "பாக்ஸ்ல தெரியிறது ப்ரோப் உட்கார்ந்திருக்கிற எடத்து சூடு தம்பி. குழாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அப்ப தான் அந்தக் கணக்கையும் போட்டேன், முதல்லயே போட்டிருக்கணும். 1375 வாட் முழுசா ஓடும்போது நிமிஷத்துக்கு 8 லிட்டர் போனா வோர்ட் குழாயைத் தாண்டும்போது ரெண்டரை டிகிரி ஏறும். 3 லிட்டர் போனா ஆறரை. ஒன்றரை லிட்டர்னா 13 டிகிரி. அதாவது மேஷ் 65-ல இருக்குன்னு நான் பாக்ஸைப் பார்த்து சந்தோஷப்பட்டுட்டு இருந்தப்ப, குழாயை விட்டு வர்ற வோர்ட் 78 டிகிரியில வந்துட்டு இருந்திருக்கு. 15 லிட்டரும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த 78-க்குள்ள போய் வந்திருக்கு, என்சைம் கரைஞ்சு இருக்கிறது அந்த தண்ணியில தான், பீட்டா அமைலேஸ் மொத்தமும் அங்கயே முடிஞ்சிடுச்சு.

ப்ரோபை கழட்டி ட்யூபோட வெளிவாசல்ல ஒரு T வடிவ ஜாயிண்ட் போட்டு வெச்சேன். இப்ப 67-னு செட் பண்ணா வெளிய வர்ற வோர்ட் 67-ஐ தாண்டாது, மேஷ் மெதுவா அதை நோக்கி வரும். அவசரமா ஏத்தணும்னா 69 வரைக்கும் செட் பண்ணுவேன், அதுக்கு மேல போக மாட்டேன். ஆட்டோ ட்யூன் (பிஐடி தன்னைத் தானே செட் பண்ணிக்கிறது) கூட வெறும் தண்ணியில பண்ணதை நம்பாதீங்க, தண்ணி 8 லிட்டர் ஸ்பீடுல ஓடும், தானியம் வழியா வரும்போது 3 தான், அந்த வேல்யூவை வெச்சு ஓட்டினா மேல கீழ அலைபாயும். மேஷ் போட்டு ஃப்ளோ செட் ஆன பிறகு திரும்ப பண்ணேன், அப்புறம் 0.3 டிகிரிக்குள்ள அசையாம நிக்குது.

ஆனா ப்ரோபை வெளிய வெச்சா அதுக்குன்னு ஒரு ஆபத்து இருக்கு, இதை நிறைய பேர் சொல்றதில்ல. அடுத்த பேட்ச்ல கோதுமை கொஞ்சம் சேர்த்தேன், அரவையும் கொஞ்சம் நைஸா போயிடுச்சு, இருபதாவது நிமிஷம் தானியம் களி மாதிரி இறுகி ஃப்ளோ நின்னுடுச்சு. பம்ப் சத்தம் மாறினது கேட்டுச்சு, நான் ஹாப்ஸ் எடை போட்டுட்டு இருந்தேன், ஒரு நிமிஷம் கழிச்சு போகலாம்னு விட்டுட்டேன். ஃப்ளோ நின்னா சூடான வோர்ட் ப்ரோப் வரைக்கும் வராது, ப்ரோப் குளிர ஆரம்பிக்கும், பிஐடி என்ன நினைக்கும்? சூடு குறையுதுன்னு நூறு சதவீதம் எலிமெண்ட்டை ஓட்டும். பாக்ஸ்ல 66, 64, 61-னு இறங்கிட்டே இருக்கு, ட்யூபைத் தொட்டா கை சுட்டுடுச்சு. எல்லாத்தையும் அணைச்சு ட்யூபைக் கழட்டினா அடிப்பிடிச்ச பால் வாசனை. எலிமெண்ட் மேல ஒரு பக்கம் பூரா கருப்பா, நகத்தால சுரண்டினா தகடு மாதிரி பேர்ந்து வருது. லோ டென்சிட்டி எலிமெண்ட்டா இருந்தும் ஓடாத வோர்ட்ல அது ஒண்ணும் காப்பாத்தாது. அந்த பீர்ல கடைசி வரைக்கும் அந்தக் கருகல் கசப்பு போகல.

அதுக்கு அப்புறம் பண்ண மாத்தம் எல்லாமே ஃப்ளோவுக்காக தான். ஒரு ஃப்ளோ சுவிட்ச் வாங்கி பிஐடியில இருந்து எஸ்எஸ்ஆருக்கு போற 12 வோல்ட் ஒயர்ல சீரீஸா போட்டேன், வோர்ட் ஓடலைன்னா எலிமெண்ட் ஓடாது, இவ்வளவு தான் லாஜிக், இதை முதல் நாளே போட்டிருக்கணும். படுக்க வெச்சிருந்த ட்யூபை நிமிர்த்தி, கீழ இன், மேல அவுட்னு மாத்தினேன், காத்து குமிழி உள்ள தங்காது. மால்ட் அரைக்கிற மில்லோட இடைவெளியை 1 மில்லிமீட்டர்ல இருந்து 1.1-க்கு தள்ளினேன். உமி 200 கிராம் சேர்க்கிறேன், ஆமா அதே நெல் உமி தான், இங்க ப்ரூ கடையில பாக்கெட் போட்டு விக்கிறாங்க, தானியத்துக்கு நடுவுல வழி விட்டு வைக்கும், நல்லா அலசிட்டு போடுங்க. தண்ணி ஊத்திக் கிண்டினதும் பம்பைப் போடாம பத்து நிமிஷம் அப்படியே விடுறேன், தானியம் ஊறி படியட்டும். பம்ப் மேக் ட்ரைவ் (காந்தத்தால சுத்துறது), தானா உறிஞ்சாது, கூலர் வால்வை விட கீழ இருக்கணும், ஃப்ளோவைக் குறைக்கணும்னா பம்புக்கு அப்புறம் இருக்கிற வால்வைத் தான் திருகணும், முன்னாடி இருக்கிறதை திருகினா உள்ள வெற்றிடம் ஆகி கடகடன்னு அடிக்கும்.

ரீசர்க்குலேஷன் ஆரம்பிச்சு பதினைஞ்சு நிமிஷத்துல அதே ஒன்பது இடத்துலயும் குத்திப் பார்த்தேன், எல்லாம் அரை டிகிரிக்குள்ள. ஆனா சர்க்கரை அளவைக் காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துட்டு வந்தப்ப இன்னொண்ணு தெரிஞ்சுது. பத்தாவது நிமிஷம் 12 ப்ரிக்ஸ் (சர்க்கரை சதவீதம்), இருபதாவது நிமிஷம் 17, நாற்பதுல 19.5, அறுபதுல 20. இப்ப வர்ற மால்ட்ல முக்கால்வாசி வேலை முதல் இருபது நிமிஷத்துலயே முடிஞ்சு போகுது, பிஐடி நிதானத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே. அப்ப பீர் எப்படி வரும்னு தீர்மானிக்கிறது நான் ஊத்துற முதல் தண்ணியோட சூடு தான், அதுக்கு எந்த பாக்ஸும் உதவாது. அதிலயும் மேஷ் ரெண்டு டிகிரி ஜாஸ்தியா விழுந்துட்டா ரிம்ஸால குளிர வைக்க முடியாது, கம்மியா விழுந்தா ஏத்த முடியும். அதனால இப்ப 67 வேணும்னா 66-க்கு கணக்கு போட்டு ஊத்துறேன், மால்ட் மூட்டைக்குள்ள தெர்மாமீட்டரை விட்டு தானியத்தோட சூட்டைப் பார்த்துட்டு தான் கணக்கே போடுறேன், மீதி ஒரு டிகிரியை ட்யூப் மெதுவா ஏத்திக்கும்.

யாராவது இப்ப ஆரம்பிக்கிறவங்க கேட்டா, பேல் ஏல், ஸ்டவுட் மாதிரி ஒரே டெம்பரேச்சர்ல முடியிற பீர் தான் போடப் போறேன்னா கூலரும் சரி பார்த்த ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் போதும்னு தான் சொல்வேன், அந்தக் காசுல நொதிக்கிற ட்ரம்முக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்குங்க, ருசியில அது நல்லா தெரியும். 240 லைன் இருந்தா அண்ணன் மாதிரி ஹெர்ம்ஸுக்கு போங்க, நிம்மதியா இருக்கும். 120 மட்டும் தான், ஆனா ஸ்டெப் மேஷ் (படிப்படியா சூடு ஏத்துறது) வேணும்னா ரிம்ஸ், ஃப்ளோ சுவிட்ச் இல்லாம போடாதீங்க. எனக்கு மொத்தமா பம்ப், ட்யூப், பாக்ஸ், ஒயர் எல்லாம் சேர்ந்து 400 டாலருக்கு கொஞ்சம் மேல ஆச்சு.

போன மாசம் அந்த கோதுமை பீரைப் போட்டேன். பாதிக்குப் பாதி கோதுமை மால்ட், உமி 300 கிராம். 44-ல இருபது நிமிஷம் நின்னுச்சு, அங்க இருந்து 65-க்கு ஏற கணக்குப்படி 18 நிமிஷம், நிஜத்துல 24 ஆச்சு, வெளிய மைனஸ் 6, ஹோஸ் வழியா போற சூடு அது. ஃப்ளோ நடுவுல ஒரு தடவை தடுமாறி சுவிட்ச் எலிமெண்ட்டை நிறுத்துச்சு, வால்வை கால் திருகு குறைச்சதும் திரும்ப வந்துடுச்சு. முடிச்சுட்டு சூடு ஆறுறதுக்கு முன்னாடியே ட்யூபைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன், எலிமெண்ட் மேல டீ கறை மாதிரி ஒரு மெல்லிய படலம், ஈரத் துணியால துடைச்சதும் கையோட வந்துடுச்சு, அடியில பளபளன்னு ஸ்டீல்.